சாதிக் பாயின் நிறத்தை நான் குறைத்து வந்தேன்

செய்தி வந்தபோது தேங்காய்த்திட்டில் என் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ராத்திரி மணி எட்டு இருக்கும். எங்கள் கம்பெனியில் துணி அச்சடிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் போன் செய்தான். கை முழுக்கச் செதில். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன். "அக்கா, சாதிக் பாய் போயிட்டாருக்கா" என்றான். கம்பெனி இருக்கிற தட்டாஞ்சாவடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் ஸ்கூட்டரோடு மோதிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாம். நான் அழவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. லாரி என்ன கலர் என்று கேட்டேன்.

முருகேசன் சாம்பல் கலர் என்றான், ஏன் கேட்கிறாய் என்றான். நான் போனை வைத்துவிட்டேன். பாவம், அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எல்லாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறான். நான் உளறவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பர்களெல்லாம் சேர்ந்து பாய்க்கு ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள். பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டீர்கள். அஞ்சலி என்றால் நல்லதாக நாலு வார்த்தை இருக்க வேண்டும், இருக்கும். மிச்சத்தையும் சேர்த்துத்தான் தருவேன். வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அவரைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சாதிக் பாய் எங்கள் துணி அச்சுக் கம்பெனியின் டிசைனர். முல்லா வீதிப் பக்கம் வீடு. ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதி உண்டு, அதை மதிக்கிற வழக்கம் கிடையாது. டீக்கடையில் அவருக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாகப் போடுவார்கள். என்ன பாய் இது என்று கேட்டால், "ஒடம்புல இருக்கறது தனியா இருக்குதில்ல, அதுக்குத் தொணைக்கி அனுப்புறேன்" என்பார். சிரிக்காமல் சொல்வார். கேட்கிற நாம்தான் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

வேலை இப்படி. பாய் கணினியில் வரைவார். அதை வாங்கி, விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி அமைத்து, லேயர்களை ஒன்றாகச் சேர்த்து மிஷினுக்கு அனுப்புவது நான். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரி. ஒன்றில் பூ இருக்கும், ஒன்றில் இலை, ஒன்றில் அடிநிறம். ஒரு தாளில் உள்ள நிறம் எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும், அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்க வேண்டும் என்று சொல்கிற எண்ணுக்கு ஒபாசிட்டி என்று பெயர். நூறு வைத்தால் அடியில் உள்ளது சுத்தமாகத் தெரியாது. பூஜ்யம் வைத்தால் அந்த லேயரே இல்லாததுபோல் ஆகிவிடும். மவுஸைப் பிடித்து ஒரு கோட்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தால் நிறம் கூடும், குறையும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முடித்தபின் யாராலும் பிரிக்க முடியாது. கடைசியாக யார் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கடைசியாகத் தொடுகிறவள் நான்.

பாய்க்குப் பெயர் வாங்கித் தந்தது அவருடைய பூக்கள் இல்லை. பூவை யார் வேண்டுமானாலும் வரைவார்கள். பூவுக்குப் பின்னால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லியதாக இன்னொரு உருவம் விடுவார். மல்லி மொட்டோ, ஓலைப் பின்னலோ, ஏதோ ஒன்று. அதை வெளிறு என்று சொல்வார். "இருக்கறது தெரியக்கூடாது வள்ளி, எடுத்துட்டா தெரியணும்" என்பது அவர் பேச்சு. அதை அளக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. ஒபாசிட்டியை இழுத்துவிட்டு எழுந்து கதவுவரை போவார். வெளியே போகிற மாதிரி நாலு எட்டு வைத்து, யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். அப்போது பட்டும் படாமலும் தெரிந்தால் சரி. முறைத்துப் பார்த்தால் எல்லாம்தான் தெரியும் என்பார். எண்ணைப் பார்க்கவே மாட்டார். மறுபடி அதே துணியைக் கேட்டு யாராவது வந்தால் வேண்டுமே என்று நான்தான் அதை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். கண்ணால் மட்டும் பார்த்து இழுத்துவிடுகிற அந்த மனிதருடைய வெளிறு, நோட்டைப் புரட்டினால், பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. வேறு எண் இருக்காது. பத்து வருஷத்துக்கு இருக்காது.

நான் அங்கே வந்த புதிதில் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் பேனர் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், கருமாதி, கட்சி, எல்லாம் பளிச்சென்று நூற்றுக்கு நூறு அடிக்கிற இடம். இங்கே வந்த மூன்றாம் மாதம் மதாமுடைய மேஜைத்துணி வந்தது. மதாம் என்பது கடற்கரைப் பக்கம் வீட்டு அலங்காரத் துணிக்கடை வைத்திருக்கிற அம்மாள். தமிழ்க்காரர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம், ஊரே மதாம் என்கிறது. பாய் கொடுத்த ஃபைலில் பூவுக்கு அடியில் என்னவோ அழுக்கு மாதிரி ஒரு லேயர். மறந்துபோய் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று, பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில், அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். நாற்பது மீட்டர் அடித்தாயிற்று. மதாம் வந்து விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "பூ இருக்கு, என்னமோ காணம்" என்றார்.

முதலாளி அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். லேயரை அணைத்து வைத்தது தான்தான், அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். வசவு முழுக்க அவர் தலையில். வெளியே வந்தபின் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ சொல்லு என்றார். டீ வந்தது. பாதி குடித்தபின் சொன்னார்: "தப்ப மறைக்க பக்கத்துல ஒரு ஆளு வேணும் வள்ளி. இல்லன்னா எவனும் நிம்மதியா வேல பாக்க முடியாது." அவர் சொன்னதிலேயே என் மனசில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது இந்த வார்த்தைதான். வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம்.

அவருடைய கண்ணைப் பற்றி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்த்திட்டுக்கு வந்து என் அம்மாவிடம் மீன் வாங்குவார். அம்மா ஏலத்தில் எடுத்து விற்கிறவள், பேச்சில் யாரையும் கவிழ்த்துவிடுவாள். பாய் பேசவே மாட்டார். செவுளைத் தூக்கி ஒரு பார்வை, வைத்துவிடுவார். அடுத்தது, வைத்துவிடுவார். மூன்றாவதை எடுத்துக் கூடையில் போடுவார். முன்னது இரண்டும் முந்தின நாள் மீனாக இருக்கும். ஐஸில் கிடந்த சிவப்புக்கும் அன்றைக்குப் பிடித்த சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியும், அவளைவிட்டால் பாய்க்குத் தெரியும். "இந்த பாய் கண்ணுல மண்ணத் தூவ முடியாதுடி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன வருஷம் நோன்பு ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும். நான் நோட்டில் குறிக்கப் போனபோது ஒபாசிட்டி பத்தொன்பது என்று காட்டியது. கை தவறி இழுத்திருப்பார் என்று நினைத்தேன். பன்னிரண்டாகக் குறைத்தேன், சேர்த்தேன், அனுப்பினேன். சொல்லவில்லை. இதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு போய் அவரிடம் சொல்வதா என்ற நினைப்பு. அடுத்த டிசைனில் பத்தொன்பதுக்குக் குறையவில்லை. அதற்கடுத்தது இருபத்திரண்டு. மழைக்காலம் முடிவதற்குள் இருபத்தேழு. நான் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாக்கினேன். நோட்டில் மட்டும் பக்கத்தில் சின்னதாகப் பென்சிலால் அவர் வைத்த எண்ணையும் எழுதிக்கொண்டேன். எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதற்கு முன்னால், சாதிக் பாயின் கண் மாதாமாதம் எவ்வளவு போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கையெழுத்தில் இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்தது. கதவுவரை போய்த் திரும்பிப் பார்க்கிற வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நாற்காலியை முன்னால் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனில் மூக்கை வைத்தார். கம்ப்யூட்டருக்கு முத்தம் கொடுக்கப் போகிறீர்களா பாய் என்று நான் கேலி செய்தேன். கேலி செய்தேனே, அந்த வாயை என்ன செய்வது. வெளிச்சம் போதவில்லை, ட்யூப்லைட்டை மாற்றச் சொல் என்றார். மாற்றச் சொன்னேன். இரண்டு மாதத்தில் மறுபடி சொன்னார். நல்லாயிருந்த ட்யூப்லைட்டைக் கழற்றிப் புதிது போட வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலாளி அந்தச் சமயத்தில் ஒரு புது சாஃப்ட்வேரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மல்லிப்பூ என்று எழுதினால் அதுவே பத்து விதமாகப் பூப்போட்டுத் தருமாம். பாய்க்கு முன்போல் வேகம் இல்லையோ என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். பாயின் மகள் லாஸ்பேட்டையில் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாத டிசைனரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒரு தப்பு வெளியே தெரிந்தால் போதும், மனிதர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்காக ஒரு நாள் அவர் வசவு வாங்கினார், நான் அவருக்காக இதைச் செய்யக்கூடாதா என்று நினைத்தேன். இது பாதிதான். பாய் போனால் அந்தப் புது சாஃப்ட்வேரைத் தட்டுகிற யாராவது ஒருத்தியே சேர்ப்பதையும் செய்துவிடுவாள், என் நாற்காலியும் போகும். அதையும் நினைத்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மதாம் திரைச்சீலைத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு, பாயோட வெளிறு இப்போதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அது நான் வைத்த பன்னிரண்டு. பாய் தலையைக் குனிந்து பிரெஞ்சில் மெர்சி மதாம் என்று நன்றி சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெளுத்துப்போன மீன் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறார். அம்மாவே பதறி அதை வாங்கி வைத்துக்கொண்டு நல்லதாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பாய்க்கு கண்ணு போவுதுடி. யாராவது சொல்ல வேணாமா?" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் ஒரே ஒரு மீனைப் பார்த்துச் சொன்னதை, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்த நான் சொல்லவில்லை.

சொல்வதற்கு ஒரு நாள் வந்தது. தானாகவே என் மடியில் வந்து விழுந்தது. இந்த வருஷம் தை மாதம். அச்சடித்து, ஆவி காட்டி, கழுவிக் காயவைத்த சாம்பிள் துணியைப் பாய் மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"வள்ளி, இதுல அடியில மல்லி இருக்குதா?"

அறையில் வேறு யாரும் இல்லை. அவர் வைத்தது முப்பத்தொன்று. நான் விட்டது பன்னிரண்டு. பன்னிரண்டு அவர் கண்ணுக்கு வெறும் வெள்ளை. பாய், நான்தான் குறைத்தேன், உங்களுக்குக் கண் சரியில்லை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "இருக்கு பாய்" என்றேன்.

"ஆங், இருக்கு இருக்கு" என்றார். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். சாம்பிள் துணிகளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம்தான், அதனால் நான் அதை ஒன்றும் நினைக்கவில்லை.

கடைசி நாளும் மற்ற நாள் மாதிரிதான். மதாமுக்குப் புதிதாக ஒரு டிசைன். மேலே மஞ்சள் பூவரசம்பூ, அடியில் வெளிறாக மீன்வலை. உங்கள் ஊர் வலைதான், நூல் கோணலாக இருந்தால் சொல் என்று என்னிடம் கேட்டு வரைந்தார். நூல் சரியாகத்தான் இருந்தது. ஆறு மணிக்கு மேல் கிளம்பினார். "நாளைக்கி பாத்து அனுப்பு, நான் வரேன்" என்றார். நான் தலையை நிமிர்த்தாமல் சரி பாய் என்றேன். வெளியே விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், சாம்பல் நிற ரோட்டில், பின்விளக்கு எரியாத ஒரு சாம்பல் நிற லாரி. ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் வித்தியாசமே இல்லாமல். நம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வைத்தால்தான் வலை தெரிகிறவருக்கு அது தெரிந்திருக்காது. அன்றைக்கு அவர் வைத்துவிட்டுப் போன எண் முப்பத்தெட்டு.

மறுநாள் மையத்து எடுக்கும்வரை பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார்கள். தெருமுனையில் உங்களில் யாரோ பேனர் வைத்திருந்தீர்கள். கடைசி நாள்வரை நிறம் பிசகாத கலைஞர் என்று அதில் போட்டிருந்தது. பேனரைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. நல்ல மனசோடுதான் போட்டிருக்கிறீர்கள், உங்களை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை எழுத வைத்தது என் கை.

ஒரு மாதம் கழித்து ரஹ்மத் அக்காவைப் பார்க்கப் போனேன். பாயின் மனைவி. இத்தா இருக்கிறார், புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டிலேயே இருக்கிற முறை. உள் அறையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. தொழுகைக்குத் தொழுகை லாரிக்காரனைச் சபிக்கிறேன், தப்பா வள்ளி என்று கேட்டார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். பாய்க்குப் பார்வை மங்குகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் இருந்ததாம். டம்ளரை மேஜை விளிம்பில் வைப்பாராம், படியில் தடுமாறுவாராம். சர்க்கரைக்காரர்களுக்குக் கண் போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாராம்.

"ஒவ்வொரு வாட்டியும் பையிலேர்ந்து சாம்பிள் துணிய எடுத்து விரிப்பாரு" என்றார் ரஹ்மத் அக்கா. "மல்லி தெரியுதாடின்னு கேப்பாரு. தெரியுதும்பேன், அழகா லேசா தெரியும். இத நாந்தான் போட்டேன், கண்ணு போனவன் போட்ட நெறமா இதுன்னு கேப்பாரு. நான் என்னாத்த சொல்லுவேன்? என் கண்ணாலதான பாக்குறேன். சரின்னு விட்டுடுவேன்."

தை மாதம் அவர் மடித்துக்கொண்டு போனது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. நான் குறைத்துக் கொடுத்த ஒவ்வொரு துணியையும் அந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் வாயை அடைக்கச் சாட்சியாக வைத்திருக்கிறார். தன் மனசையும் அதைவைத்தே ஆற்றிக்கொண்டிருக்கிறார். ரஹ்மத் அக்கா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கடைசிவரைக்கும் அவருக்குக் கண் நன்றாகத்தானே இருந்தது, பக்கத்திலேயே இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியுமே என்றார். நான் ஆமாங்க்கா என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்தது அவருக்குப் பெரிய பலம் என்று சொல்லி எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சோறு தின்று படுத்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று உங்களுக்குத் தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது.

அடுத்த வாரம் அம்மாவைச் சாக்காக வைத்து ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவரிடம் பாயின் கதையை யாருடையதோபோல் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்துப் பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம் என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரி வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். பாய் போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

பூவரசம்பூ ஃபைல் அவர் கணினியில் அப்படியே கிடந்தது. மதாம் கேட்டுக்கொண்டேயிருந்தார். முதலாளி, சரி பார்த்து அனுப்பிவிடு என்றார். திறந்தேன். முப்பத்தெட்டு. பழக்கத்தில் கை பன்னிரண்டுக்குப் போனது. கையை எடுத்தேன். எதையும் தொடாமல் லேயர்களைச் சேர்த்து, இரண்டே மீட்டர் அடிக்கச் சொல்லி முருகேசனுக்கு அனுப்பினேன். அவன் மிஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஒபாசிட்டி பார்த்தாயா அக்கா, வலை ரொம்ப அழுத்தமாக விழுகிறதே என்றான். பார்த்துவிட்டேன், நீ அடி என்றேன். ஆவி காட்டிக் கழுவியபின் நிறம் முழுதாக ஏறியது. வலை பூவை விழுங்கியிருந்தது. மஞ்சள் எங்கேயென்று தேட வேண்டும். பாய் பார்த்திருந்தால், யாரு இந்த அலங்கோலத்தைச் செய்தது என்று கத்தியிருப்பார்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி முல்லா வீதிக்குப் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. ரஹ்மத் அக்கா துணியை மடியில் விரித்தார். எத்தனை சாம்பிள் பார்த்த கண். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது அவரு போட்டதில்ல" என்றார்.

"இதாங்க்கா அவரு போட்டது" என்றேன். "நீங்க பாத்ததெல்லாம் நான் கொறச்சது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்தொன்று, ஒன்றும் விடவில்லை. மல்லி இருக்கிறதா என்று அவர் கேட்டதையும், நான் இருக்கிறது என்றதையும் சொன்னேன். போன தடவை இதே இடத்தில் உட்கார்ந்து ஆமாங்க்கா என்றது பொய் என்று சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். போன வருஷ நோன்புக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து என்றேன். அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார்.

"அந்த நோம்புலதான் மொதமொதல்ல நான் டாக்டருகிட்ட கூப்ட்டேன்" என்றார்.

மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் எழுந்தால் நன்றாக இருக்காது என்று குடித்தேன். ரஹ்மத் அக்கா துணியை நாலாக மடித்தார், நிதானமாக, ஓரம் ஒட்டி ஓரம் வைத்து. என் மடியில் வைத்தார். "இத நீயே வச்சிக்க" என்றார். அன்றுவரை என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இதை எழுதட்டுமா என்று வாசலில் நின்று கேட்டேன். எழுது, அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியட்டும் என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

மலரில் எழுதுகிற எல்லாரும் பாயிடமிருந்து தங்களுக்குக் கிடைத்தது என்னவென்று முடிவில் சொல்வீர்கள். என்னிடம் இருப்பது இரண்டு மீட்டர் துணி. பாயின் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, யாரும் கை வைக்காமல் அப்படியே அச்சாகியிருப்பது கடந்த ஒரு வருஷத்துக்கு மேல் அது ஒன்றுதான். பீரோவில் இருக்கிறது. பாயைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். விரித்துக் காட்டுகிறேன்.